மீட்டர் ஒன்று, குடித்தனம் ஐந்து

கடலூர் முதுநகரிலும் திருப்பாதிரிப்புலியூரிலும் சிதம்பரத்திலும் பழைய வீடுகளைத் தடுத்து, ஒரே கூரைக்கடியில் நாலைந்து குடித்தனம் வைத்து வாடகை வாங்குகிறார்கள். ஆலைத் தொழிலாளிகளும், கிராமத்தில் பிழைப்பில்லாமல் டவுனுக்கு வந்த விவசாயத் தொழிலாளிகளும் குடியிருப்பது இங்கேதான். மேலே சிமெண்ட் ஷீட்டு, அல்லது வெடித்துப்போன தளம். பகலெல்லாம் குடித்த வெயிலை அது இரவு முழுவதும் உள்ளே கக்குகிறது. கடலோர வெக்கையில் வேர்வை காய்வதில்லை. இரவு ஷிப்டு முடித்து வந்து பகலில் படுப்பவன் விசிறி இல்லாமல் கண்மூட முடியாது.

விசிறியைக் குறைத்துப் போடு, பில் குறையும் என்று உபதேசிப்பவர்கள் உண்டு. ஏ.ஸி. அறையில் இருந்துகொண்டு சொல்வார்கள்! நாமும் கணக்குப் பார்ப்போம். 75 வாட் விசிறி நாளைக்கு 20 மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். விளக்கு, டி.வி., மிக்ஸி எல்லாம் சேர்த்து 200 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். இது ஆடம்பரமா?

2016 மே மாதம் முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் கட்டணத்தை உயர்த்தியபோதும் இந்தச் சலுகை நீடித்தது. அந்தக் கட்டணப்படி 200 யூனிட் எரித்த வீட்டுக்கு ரூ.225. ஐந்து வீட்டுக்கு ரூ.1,125.

ஆனால் ஐந்துக்கும் வாரியத்தின் மீட்டர் ஒன்றுதான். மொத்தம் 1,000 யூனிட். இலவசம் ஒரே ஒரு நூறு. 500-ஐத் தாண்டியதால் ரூ.2.25 என்ற விலையே கிடையாது, 4.50, 6, 8, 9, 10 என்று படிப்படியாக ஏறி, பில் ரூ.6,550! குடித்தனத்துக்கு ரூ.1,085 அதிகம். வீட்டுக்காரர் ஒரு காசு லாபம் வைக்காமல் பங்கிட்டாலும் இதே கதிதான். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று பேசிவிட்டால் ரூ.8,000 வசூல், ரூ.1,450 அவர் மடியில். 2024 ஜூலையில் கட்டணம் மறுபடியும் ஏறியது.

உள்ளே சின்ன மீட்டர் மாட்டியிருக்கிறோமே என்பார்கள். அது அளக்குமே தவிர, சலுகையைக் கொண்டுவராது.

இதே மாவட்டத்தில் நெய்வேலியில் 1962 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். அதற்கு நிலத்தைப் பறிகொடுத்தவையும் இந்த மாவட்டத்துக் கிராமங்களே. அந்த மண்ணின் தொழிலாளி சர்க்கார் தரும் நூறு யூனிட்டைக்கூடப் பார்க்கவில்லை!

சட்டம் இல்லாமலில்லை. 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 43-வது பிரிவு, வீட்டின் சொந்தக்காரர் மட்டுமல்ல, குடியிருப்பவர் கேட்டாலும் இணைப்புத் தரவேண்டும் என்கிறது. ஆனால் குடியிருப்பதற்கு அத்தாட்சி எங்கே? வாடகைக்கு ரசீது கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. 2019-ல் அமுலுக்கு வந்த வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தை எழுத்தில் போடச் சொல்கிறது; வீட்டுக்காரர் மின்சாரத்தை நிறுத்தக்கூடாது என்றும் சொல்கிறது. தனி ஆளாய்ப் போய்க் கேட்டால் "வீட்டைக் காலி செய்" என்பதே பதிலாக வரும். ஐந்து குடித்தனமும் சேர்ந்து கேட்டால் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

வீட்டுக்காரர் எல்லோரும் பணமுதலைகள் அல்ல. இணைப்பு நம் பெயருக்குப் போனால் வீடே போய்விடும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. மின் இணைப்பு வைத்திருப்பதால் வீடு யாருக்கும் சொந்தமாகிவிடாது என்று அவர்களிடம் எடுத்துச் சொல்லவேண்டும்.

கூரைக்கு வருவோம். ஷீட்டின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப்போகும், அறை குளிரும். யார் அடிப்பது? குளிர் நாடுகளிலும் பழைய வாடகை வீட்டுத் தொழிலாளி இதே வம்பில்தான் இருக்கிறான். ஓட்டைச் சுவர் வீட்டுக்காரருடையது. அறையைச் சூடாக்கும் பில் குடியிருப்பவனுடையது. சுவரும் கூரையும் யாருடையதோ, சுண்ணாம்புச் செலவும் அவருடையதே என்கிறோம்.

மின்வாரியம் இந்தத் தெருக்களுக்கே வந்து முகாம் போட்டு மனு வாங்கட்டும். ரேஷன் கார்டையும் கேஸ் புத்தகத்தையும் குடியிருப்புக்கு அத்தாட்சியாக ஏற்கட்டும். டிபாசிட்டைத் தவணையில் வாங்கட்டும். சித்திரை வெயிலுக்கு முன்பே இது நடக்கவேண்டும்.