சொந்த மின்சாரமும் பொது மௌனமும்

சித்திரை மாதத்து மாலையில் மழைக்கு முன்னோடியாக வரும் சூறைக்காற்றில் மரக்கிளையொன்று முறிந்து மின்கம்பியின்மேல் விழுந்து, தெரு முழுவதும் இருண்டுபோனாலும், பெங்களூரின் நடுத்தரக் குடும்பங்களில் பலவற்றில் அதை ஒரு சம்பவமாகவே இப்போது யாரும் பாவிப்பதில்லை. சுவரோரத்து யுபிஎஸ் சின்னதாக ஒரு சத்தம் போட்டுப் பொறுப்பேற்றுக்கொள்கிறது; அடுக்ககமாயின் கீழ்த்தளத்தில் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கி, பாதியில் நின்ற லிப்ட் மறுபடி ஏறத் தொடங்குகிறது. இந்தச் சௌகரியத்தைக் குறைகூற எனக்கு மனமில்லை. மூச்சுக்கருவியை நம்பியிருக்கும் நோயாளியும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும், வீட்டிலிருந்தே உத்தியோகம் பார்ப்பவரும் உள்ள வீட்டில் அது ஆடம்பரமும் அல்ல. ஆனால் முறையிடும் வழக்கத்தை அது நம்மிடமிருந்து சந்தடியின்றி வாங்கிக்கொண்டுவிட்டது என்பதே என் அபிப்பிராயம்.

இந்த ஊருக்கு மின்சாரம் வந்த சரித்திரத்தைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம். பாலக்காட்டுத் தமிழரான மைசூர்த் திவான் சேஷாத்ரி ஐயரின் காலத்தில் திட்டமிடப்பட்டு, அவர் 1901-ல் காலமான பிறகு, 1902 ஜூன் மாதத்தில் சிவசமுத்திரத்துக் காவிரியிலிருந்து புறப்பட்ட மின்சாரம், ஏறக்குறைய 148 கிலோமீட்டர் கம்பி வழியே ஓடிக் கோலார் தங்கவயலின் சுரங்கங்களைச் சேர்ந்தது. பெங்களூரின் முறை அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1905 ஆகஸ்டில்தான் வந்தது. அப்போதும் முதலில் எரிந்தவை மார்க்கெட் பகுதியின் வீதி விளக்குகளே. வீதிக்கு வெளிச்சம் வந்த பின்னர் வீட்டுக்கு வெளிச்சம் வந்த ஊரில், இன்று மின்தடை நேர்ந்தால் வீடுகள் பிரகாசிக்க வீதி மட்டும் இருட்டில் கிடக்கிறது.

தமிழ்நாட்டில் 2008-க்குப் பின் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டை அனுபவித்தவர்கள் அந்த நாட்களை மறந்திருக்க மாட்டார்கள். அங்கே பற்றாக்குறை உற்பத்தியிலேயே இருந்தது. கஷ்டம் ஏறக்குறைய எல்லோருக்கும் பொதுவாயிருந்ததால் அது அரசியலாயிற்று. 2011 சட்டமன்றத் தேர்தலில் ஆட்சி மாறியதற்கு மின்வெட்டும் ஒரு காரணமென்பதைப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வர். பெங்களூரின் நோய் பெரும்பாலும் வேறு ஜாதியைச் சேர்ந்தது. 2023-ஆம் ஆண்டின் வறட்சி போன்ற விதிவிலக்குகளை நீக்கிப் பார்த்தால், இங்கே மின்சாரம் இல்லாமல் விளக்கு அணைவதைக் காட்டிலும், பாரம் தாங்காத டிரான்ஸ்பார்மராலும், காலத்தில் வெட்டப்படாத கிளையாலும், சாலை தோண்டியபோது அறுபட்ட கேபிளாலும் அணைவதே அதிகம். டில்லி வரை போகாமல், பகுதி மின் அலுவலகத்திலேயே தீரக்கூடிய குறைகள் இவை. தீரக்கூடிய குறைக்கு முறையிடாமல் இருப்பதுதான் விசித்திரம்.

முறையிடுபவர் யார் என்று பார்த்தால், அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் உள்ள குறுகிய சந்துகளில் மாவு அரைத்துக் கொடுப்பவரும், மோட்டார் வைத்த தையல் மெஷினில் ஜீவனம் நடத்துபவரும்தான் மின்புகாருக்கான 1912 என்ற எண்ணை அழைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அதிகாரியிடம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தயங்காமல் வாதாடக்கூடிய, பத்திரிகைக்குக் கடிதம் எழுதத் தெரிந்த, சட்டமும் கணக்கும் அறிந்த வர்க்கமோ ஜெனரேட்டர் வெளிச்சத்தில் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும். குரல் உள்ளவனுக்குக் கஷ்டம் இல்லை. கஷ்டம் உள்ளவனின் குரலுக்கோ மதிப்பில்லை.

இத்தனைக்கும் அந்தச் சொந்த வெளிச்சம் மலிவானதல்ல. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 3 யூனிட்தான் தேறும். எரிபொருள் கிரயம் மட்டுமே யூனிட்டுக்கு 25 ரூபாயைத் தாண்டுகிறது, புகை தனி. வீடுகளில் பரவலாகக் காணும் 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஏட்டளவில் 1.8 யூனிட் சேமிக்கும். உபயோகத்துக்கு வருவது அதற்கும் குறைவு, சில வருஷங்களில் மாற்றவும் வேண்டும். சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைச் சாமானிய யுபிஎஸ் இழுக்காது. சூரியத் தகடு போட்டுவிட்டால் சுதந்திரம் என்று நம்புகிறவர்களும் உண்டு. 2024-ல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டம் 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது, நல்லதுதான். ஆனால் பேட்டரி இன்றிப் பொது மின்கம்பியோடு இணைத்த தகடு, ஊரில் கரெண்ட் போனால் உச்சி வெயிலிலும் தானாக நின்றுவிடும். கம்பத்தின்மேல் ஏறிப் பழுதுபார்க்கும் லைன்மேனை வீட்டு மின்சாரம் தாக்கக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. முறையான மாற்றுச் சுவிட்சு இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் இணைப்பவர்கள் இதை ஒரு நிமிஷம் யோசிப்பது நலம்.

சட்டம் என்னவோ பிரஜையின் பக்கமே இருக்கிறது. மத்திய அரசு 2020 டிசம்பரில் வெளியிட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள் இருபத்துநான்கு மணி நேர விநியோகத்தைப் பொதுவிதியாக்கி, குறித்த தரம் தவறினால் நஷ்டஈடு உண்டென்றும் சொல்கின்றன. 2022-ல் வந்த திருத்தம், நகரங்களில் டீசல் ஜெனரேட்டர் தேவைப்படாத அளவுக்கு விநியோகம் இருக்கவேண்டுமென்று ஒரு படி மேலே போகிறது. ஆயினும், எப்போது போயிற்று, எப்போது வந்தது என்ற குறிப்பே வீட்டில் இல்லாதவர் எந்த நஷ்டஈட்டைக் கேட்பார்?

அடுக்ககச் சங்கங்களிடம் அந்தக் குறிப்பு உண்டு. ஜெனரேட்டரில் அது ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டர் பொருத்தியிருக்கிறார்கள். ஆயில் மாற்ற வரும் மெக்கானிக்கைத் தவிர அதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. மாதாந்திரப் பராமரிப்புக் கணக்கில் டீசல் செலவு எழுதும் காரியதரிசி, அதற்குப் பக்கத்திலேயே இந்த மணிக்கணக்கையும் எழுதி, ஒரு பிரதியை, ஊரின் மின்விநியோக நிறுவனமான பெஸ்காமின் பகுதி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கி வரவேண்டும். அதே டிரான்ஸ்பார்மரில்தான் பக்கத்துச் சந்தின் மாவுக்கடையும் இணைந்திருக்கும்.