மூன்றாம் சரணத்தோடு நிறுத்திவிட்டோம்

எங்கள் சபையில் திரை வைத்த வருஷம், பாட்டுகளை டைப் அடித்து ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே சின்ன எழுத்தில் ராகமும் தாளமும் போட்டிருக்கும். அந்த வரியை விட்டுவிட்டேன். ஏழு சரணம் இருந்தால் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆராதனை பத்து நிமிஷம் முன்னால் முடிந்ததில் எல்லாருக்கும் சந்தோஷம்தான்.

கெட்ட குமாரன் கதையைச் சொல்லும் பாட்டு ஒன்று. மூன்றாம் சரணத்தில் அவன் பன்றி மேய்த்துக்கொண்டிருப்பான். தகப்பன் ஓடிவந்து கட்டிக்கொள்வது ஆறாம் சரணத்தில். எங்கள் திரையில் அவன் இத்தனை வருஷமும் வீடு திரும்பவே இல்லை!

முன்வரிசையில் ஒரு பாட்டி, திரை அணைந்த பிறகும் கண்ணை மூடி நாலாம் சரணத்தைத் தொடங்குவார். அவர் மெட்டு எங்கள் கீபோர்டு மெட்டு அல்ல. இழுத்து, வளைந்து போகும். வாத்தியம் நின்றதும் தயங்கி அவரும் நிறுத்திவிடுவார். நாங்கள் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம். அவர் காலமாகிச் சில வருஷம் ஆகிறது.

சங்கரன்கோவில்காரர்களான எங்களுக்குப் பாட்டுப் பஞ்சம் வந்தது என்றால் வெட்கப்பட வேண்டும். பக்கத்துச் சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார் இளம் வயதிலேயே காவடிச்சிந்தைப் பாடி வைத்துவிட்டுப் போனார். தென்மேற்கே குற்றாலத்தைத் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சியாகப் பாடினார். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார், குறவஞ்சியின் குறத்தியையும் சிங்கனையும் பெத்லகேமுக்கே கூட்டிப் போய்விட்டார். வேதத்தைச் சொல்ல அவர் நம் ஊர்க் கூத்தையே எடுத்துக்கொண்டார். கரையிருப்பில் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை கையில் ஜான் பனியனின் ஆங்கிலக் கதை 'இரட்சணிய யாத்திரிகம்' ஆயிற்று. அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்றே சொன்னார்கள். 1853-இல் சாஸ்திரியாரின் பாடல்களையும் சேர்த்துக் கீர்த்தனைப் புத்தகம் கொண்டுவந்தவர் எட்வர்ட் வெப் என்ற அமெரிக்க மிஷனரி. கடல் தாண்டி வந்த மனிதர் நம் பாட்டைத் தேடி எடுத்தார். நாங்கள் செல்போனைத் தட்டினோம், முதலில் வந்ததை எடுத்துக்கொண்டோம்.

புதுப் பாட்டெல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. உள்ளம் உருகும் புதுப் பாட்டுகள் இருக்கின்றன; பழைய புத்தகத்திலும் வாயில் நுழையாத வரிகள் உண்டு. ஆனால் பாட்டைத் தேர்ந்தெடுக்க உட்காரும்போது நாங்கள் என்ன பார்த்தோம்? கைதட்ட வருமா, கீபோர்டு தம்பிக்கு வருமா, அவ்வளவுதான். மகிமை, வல்லமை, அக்கினி, அபிஷேகம் என்று நாலு வார்த்தையை மாற்றி மாற்றி அடுக்கினாலும் ஆமென் சொன்னோம். எழுதுகிறவர்களைக் குற்றம் சொல்லி என்ன? நாங்கள் கேட்டதைத்தான் அவர்கள் கொடுத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விசைத்தறியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் ஒருமுறை சிந்து மெட்டில் சொந்தமாகப் பாட்டுக் கட்டிக்கொண்டு வந்தான். இழை அறுந்ததும் தறியை நிறுத்தி, அறுந்த நுனிகளைத் தேடிப்பிடித்து முடிச்சுப் போடுகிறவராகக் கர்த்தரைப் பாடியிருந்தான். தறிச்சத்தம் கேட்டே வளர்ந்தவன் நான். எனக்கல்லவா அது முதலில் புரிந்திருக்க வேண்டும்? "கோயில் பாட்டுல தறி எதுக்குப்பா? ரெண்டு எடத்துல மகிமை போட்டுக் கொண்டா, பாப்போம்" என்றேன். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். "சரிண்ணே" என்று போனவன் அப்புறம் பாட்டு எதுவும் கொண்டுவரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

போன மாதம்தான் கேட்டோம். "நோட்டு எங்கயோ போயிட்டுண்ணே. ரெண்டு சரணம் ஞாபகம் இருக்கு" என்றான். அசனப் பண்டிகையில் அந்த இரண்டையும் பாடச் சொல்லியிருக்கிறோம்.

கெட்ட குமாரனின் மீதி நாலு சரணத்தையும் இந்த வாரம் டைப் அடித்து முடித்துவிட்டேன். ராகத்தின் பெயரையும் மேலே போட்டாயிற்று. பாடத்தான் தெரியவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது அந்தப் பழைய மெட்டு தெரிந்திருந்தால், சனிக்கிழமை சாயங்காலம் பாட்டுப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.