பாதி வழியில் இறங்கும் தந்திரம்

விடுமுறைக் காலம் நெருங்கினால் நமது வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு புதுவகை உபதேசம் பரவத் தொடங்குகிறது. சென்னையிலிருந்து துபாய் செல்ல வேண்டியவர், துபாய் வழியாக ரியாத் செல்லும் டிக்கெட்டை வாங்கித் துபாயிலேயே இறங்கிவிட வேண்டுமாம். சில நாட்களில் தூரம் கூடிய அந்தப் பயணமே விலை குறைந்திருக்கும். மிச்சப்படும் தொகை 'ஹலாலான இலாபம்' என்று வேறு எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை இவ்வளவு மலிவாகச் செலவிடுவோரிடம் நமக்குச் சில கேள்விகள் உள்ளன.

விமான நிறுவனங்களுக்காக நாம் வாதாட வரவில்லை. போட்டி உள்ள ஊருக்குக் குறைத்தும், வேறு வழியற்ற ஊருக்குக் கூட்டியும் விலை வைப்பது அவர்களின் வழக்கம். பெருநாளுக்கு ஊர் திரும்பும் தொழிலாளியிடம் அவர்கள் வாங்கும் கட்டணத்தை நாமும் அறிவோம்.

ஆனால் தந்திரம் சொல்வோர் சொல்லாமல் விடுவது எது? ரியாத் வரை டிக்கெட் எடுத்தவரிடம் சென்னைக் கவுன்ட்டரிலேயே சவூதி விசாவைக் கேட்பார்கள். ஒப்படைத்த பெட்டி துபாயில் இறங்காது, ரியாத்துக்கே போகும். ஆகவே கைப்பையோடு மட்டுமே இதைச் செய்ய இயலும். பிள்ளைகளுக்கும் உறவினருக்கும் சாமான் சுமந்து, பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிப் பயணிக்கும் நம் மக்களுக்கா இந்த யோசனை?

இதன் உடன்பிறப்பு ஒன்றும் உண்டு: பயணத்தின் முதல் பகுதியை விட்டுவிட்டு இடையில் ஏறிக்கொள்வது. நம் மதரஸாவில் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தை தம்மாமில் வேலை செய்கிறார். சென்ற ஆண்டு விடுப்பின் இறுதியில், கொழும்பில் வாழ்க்கைப்பட்ட தங்கையைப் பார்க்கப் போயிருந்தார். கொழும்பிலிருந்து தம்மாம் செல்வதைவிடத் திருச்சியிலிருந்து கொழும்பு வழியாகச் செல்லும் டிக்கெட் மலிவு என்று குழுவில் ஒருவர் சொன்னார். “முதல் விமானத்தில் ஏறாவிட்டால் என்ன, காசு கட்டிய இருக்கைதானே” என்றும் சேர்த்துச் சொன்னார். கொழும்புக் கவுன்ட்டரில்தான் உண்மை தெரிந்தது. முதல் பகுதியில் வராதவரின் மீதிப் பயணம் முழுவதும் தானாகவே ரத்தாகிவிட்டது. திரும்பி நுழைவதற்கான விசா முடிய இரண்டே நாட்கள் இருந்தன. தங்கையின் வளையல் அடகுக்குப் போய்ப் புது டிக்கெட் வந்தது.

“இரண்டு இட்லி வாங்கியவன் ஒன்றைத் தின்று எழுந்தால் கடைக்காரர் வழக்குப் போடுவாரா?” என்று ஒரு சகோதரர் நம்மிடம் கேட்டார். வலுவான கேள்விதான். லுஃப்தான்ஸா நிறுவனம் ஏறத்தாழ இப்படித்தான் வழக்குப் போட்டது. ஓஸ்லோவிலிருந்து பிராங்ஃபர்ட் வழியாகச் சியாட்டில் சென்று திரும்பியவர், பிராங்ஃபர்ட்டிலேயே பயணத்தை முடித்துக்கொண்டார் என்பதற்காக 2,112 யூரோ கேட்டது. 2018 டிசம்பரில் பெர்லின் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. எனவே நீதிமன்றங்கள் எப்போதும் நிறுவனத்தின் பக்கமே நிற்கும் என்று நாம் பயமுறுத்த மாட்டோம். மறுபுறம், இத்தந்திரத்தை விற்கும் ஸ்கிப்லாக்டு இணையதளம் 94 லட்சம் டாலர் தர வேண்டும் என்று 2024 அக்டோபரில் டெக்சாஸ் ஜூரி தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தது அமெரிக்கன் ஏர்லைன்ஸ். அத்தொகையில் பாதி பதிப்புரிமை மீறலுக்கானது.

நமது கேள்வி நீதிமன்றத்தோடு முடிவதன்று. இட்லிக்கடைக்காரர் நிபந்தனை விதிக்கவில்லை. விமான நிறுவனம் விதித்தது, நாம் சம்மதம் என்று பெட்டியில் குறியிட்டோம். உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே பணிக்கிறது. அவசரத்தாலோ நோயாலோ இடையில் இறங்கியவரைப் பற்றி நாம் பேசவில்லை. வாங்கும்போதே மீறுவதென்று உள்ளத்தில் முடிவுசெய்து, சம்மதம் என்று ஒப்புக்கொடுத்தவரைப் பற்றியே பேசுகிறோம். விசாவுக்காகச் சில முகவர்கள் விற்கும் 'டம்மி டிக்கெட்' இதைவிட மோசம். திரும்பும் எண்ணமோ சீட்டோ இல்லாதவர் இரண்டும் இருப்பதாக அதிகாரியிடம் காட்டுவது பச்சைப் பொய். அதில் விவாதத்துக்கே இடமில்லை.

மாட்டிக்கொண்டால் வசதி படைத்தவர் மறு டிக்கெட் எடுத்துக்கொள்வார். மலிவைத் தேடி வந்தவரிடம் அந்த மறு டிக்கெட்டுக்கான பணம் இருந்திருந்தால் அவர் இத்தந்திரத்தைத் தேடியே இருக்க மாட்டார். இதை அறிந்தும், தான் ஒருபோதும் செய்து பார்க்காத யோசனையைப் பிறருக்கு அனுப்புபவர் அதற்குப் பொறுப்பாளி இல்லையா? அந்த வளையல் இன்னும் மீட்கப்படவில்லை. யோசனை சொன்னவரிடம் நாம் விசாரித்தபோது, தமக்கும் அது வேறொரு குழுவிலிருந்து வந்ததுதான் என்றார்.