அருமண் பங்கும் ஏமாளித் தமிழரும்

அருமண் அகழும் வெளிநாட்டு நிறுவனங்களின் பங்குகளை வாங்கி வைத்தால் ஐந்தாண்டிற்குள் பெருஞ்செல்வராகலாம் என்றொரு பேச்சு நம்மிடையே பரவி வருகின்றது. ஓய்வு பெற்ற ஆசிரியர் சிலரும் வாழ்நாட் சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இதற்குச் செவி சாய்க்கின்றனர். அன்னார் பொருட்டே இதனை எழுத நேர்ந்தது.

முதற்கண் பெயரே பொய். அருமண் என்பது அரியதுமன்று, மண்ணுமன்று. பதினேழு மாழைகளுக்கு வழங்கும் கூட்டுப்பெயர் அது. அவற்றுள் ஒன்றாகிய சீரியம் நிலத்தோட்டில் ஏறத்தாழச் செம்பின் அளவிற்கு உள்ளது. (மேலையார் பிறழ இட்ட பெயரை நாமும் ஆராயாது பெயர்த்துக் கொண்டோம், நம் பெயர்ப்புத் திறன் அத்தகையது!) அகழ்தல் அரிதன்று, ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கும் அவற்றைத் தனித்தனியே பிரித்தலே அரிது. அவ்வினையின் பெரும்பகுதி சீனத்தின் கையில் உள்ளது. ஆகவே, நீவிர் வாங்கும் பங்கின் விலையைச் சுரங்கம் உறுதி செய்வதில்லை. சீன அரசே உறுதி செய்கின்றது.

சான்று வேண்டுமா? அமெரிக்காவின் மோலிகார்ப்பு நிறுவனம் 2010 சூலையில் பங்கொன்றைப் பதினான்கு தாலருக்கு விற்றது. அவ்வாண்டே சீனம் ஏற்றுமதியளவைக் குறுக்கியது, சப்பானோடும் பூசலிட்டது. உடனே அருமண் விலை ஏறியது. 2011இல் அப்பங்கு எழுபது தாலரையும் கடந்தது. உச்சத்தில் வாங்கியவர் எத்துணைப் பேர்! விலையேற்றங் கண்ட ஆலைகள் அருமண் பயன்பாட்டைக் குறைத்துக்கொண்டன, விலை சரிந்தது. 2015 தொடக்கத்தில் சீனம் ஏற்றுமதி வரம்பையே நீக்கிற்று. அவ்வாண்டு சூனில் மோலிகார்ப்பு நொடிப்பு முறையீடு செய்தது. பங்குடையார் கையில் எஞ்சியது வெறுந்தாளே.

"இப்பொழுது அமெரிக்க அரசே துணை நிற்கின்றதே" என்பர் தரகர். உண்மைதான். அதே சுரங்கத்தை இன்று நடத்தும் எம்.பி. நிறுவனத்தில் 2025 சூலையில் அந்நாட்டுப் படைத்துறை நாற்பது கோடித் தாலர் இட முன்வந்து, காந்த மாழைகளுக்குக் கிலோவிற்கு 110 தாலர் என அடிவிலையும் உறுதி செய்தது. அவ்வுறுதி அந்த ஒரு நிறுவனத்திற்கே உரியது. தம் படைக்கலன் கருதிச் செய்யப்பெற்றது. தரகர் நீட்டும் பட்டியலிலுள்ள ஏனைய நிறுவனங்களுக்கு எவர் முட்டுக் கொடுப்பார்? அகழ்ந்ததைப் பிரிக்க அவற்றுக்குச் சொந்த ஆலை உண்டா? கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவர்.

இனி, "மணவாளக்குறிச்சி மணல் நம் மணலன்றோ" என்று இனப்பற்றையே தூண்டிலாக்குவாரும் உளர். இதனினும் கொடிது வேறில்லை! 1909இல் செருமானியர் சோம்பர்க்கு அம்மணலில் மோனசைட்டு உண்மையைக் கண்டறிந்தார். இன்று அதனை அள்ளுவது நடுவணரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம். அதன் பங்கு முழுமையும் அரசினுடையது, சந்தைக்கு வந்ததேயில்லை. 2024இல் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 எக்டேர் பரப்பில் மணலெடுக்க அந்நிறுவனம் முனைந்தபோது, கதிரியக்கத்திற்கு அஞ்சிக் கடற்கரையூரார் எதிர்த்தெழுந்தனர். அவர்தம் மணலின் பெயரால் பங்குத்தாள் நீட்டுவான் எவனேனும் நும் வாயிலுக்கு வருவானாயின், அவனை ஊரார் நடுவே நிறுத்தி, எச்சந்தையில் அப்பங்கு விற்கின்றது என்று வினவுங்கள்.