துருவச் சேறும் நம் வாசற்படியும்

"பூமி எப்போதும் சூடாவதும் குளிர்வதுமாகத்தானே இருந்திருக்கிறது? இப்போது மட்டும் ஏன் இவ்வளவு கூச்சல்?"

பருவநிலை மாற்றம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் எழுகிறது. பல்கலைக்கழக உணவகத்தில் கேட்டிருக்கிறேன். குடும்ப விருந்துகளில் மாமாக்களும் சித்தப்பாக்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேள்வியின் முதற்பாதி முற்றிலும் உண்மை. ஆனால் அந்த உண்மையை நமக்குக் கண்டுபிடித்துச் சொன்னவர்களே இரண்டாம் பாதிக்கும் விடை வைத்திருக்கிறார்கள். அவர்கள் துருவக் கடல்களின் அடியிலிருந்து சேறு எடுத்து ஆராய்பவர்கள். அந்தச் சேறு நமக்குத் தொடர்பில்லாத தொலைதூரச் செய்தியன்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் நாம் அக்கறையுடன் படிக்க வேண்டிய ஆவணம் என்பதே என் கருத்து.

சேற்றில் அப்படி என்ன இருக்கிறது? ஆழ்கடலின் அடியில் மண்ணும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் இடைவிடாமல் படிந்துகொண்டே இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில சென்டிமீட்டர்தான் பல இடங்களில் படியும். நீண்ட எஃகுக் குழாயைச் செங்குத்தாக இறக்கி, உள்ளே சிக்கிய படிவைக் குலையாமல் மேலே எடுத்தால், மேற்பகுதியில் நேற்றைய கடலும் அடிப்பகுதியில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கடலும் அடுக்கடுக்காக இருக்கும்.

ஒவ்வோர் அடுக்கும் ஒரு சாட்சி. மணலைவிடப் பெரிய கற்கள் ஆழ்கடல் சேற்றின் நடுவே கிடந்தால், பனிப்பாறைகள் அவற்றைச் சுமந்து வந்து உருகியபோது கீழே போட்டிருக்கின்றன என்று பொருள். டயட்டம் என்னும் நுண்பாசியின் ஓடுகள் மிகுந்திருந்தால், அங்கே அப்போது பனி மூடாத திறந்த கடல் இருந்தது எனலாம். ஃபோராமினிஃபெரா என்னும் நுண்ணுயிரின் சுண்ணாம்பு ஓட்டிலோ இன்னும் நுட்பமான கணக்கு இருக்கிறது. கடல்நீர் ஆவியாகும்போது இலேசான ஆக்சிஜன்-16 கொண்ட நீர் எளிதில் மேலெழுகிறது. அது பனியாகி நிலத்தில் தங்கிவிட்டால், கனமான ஆக்சிஜன்-18 கடலில் மிகுந்துவிடும். அந்த விகிதத்தை ஓடு பதிவு செய்துகொள்கிறது. அதனால் ஒரு சிறு ஓட்டைக் கொண்டு உலகில் எவ்வளவு பனி இருந்தது, நீர் எவ்வளவு குளிர்ந்திருந்தது என்று மதிப்பிட முடிகிறது.

1976இல் ஹேஸ், இம்ப்ரி, ஷேக்கிள்டன் ஆகிய மூவர் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எடுத்த இரண்டு படிவுத் தண்டுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஏறத்தாழ 1,00,000, 41,000, 23,000 ஆண்டுகள் என்ற சுழற்சிகள் அந்தச் சேற்றில் தெரிந்தன. பூமியின் சுற்றுப்பாதையிலும் அச்சின் சாய்விலும் ஏற்படும் மாற்றங்களின் கால அளவுகளே அவை. பனியூழிகளுக்குத் தாளம் போடுவது எது என்ற பழைய கேள்விக்கு இப்படித்தான் உறுதியான விடை கிடைத்தது.

ஆக, பருவநிலை மாறியதா என்றால் மாறியது. எவ்வளவு என்றால், நம்ப முடியாத அளவுக்கு. 2004இல் மூன்று கப்பல்கள் வட துருவத்துக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லொமனோசோவ் மலைத்தொடருக்குச் சென்றன. இரண்டு கப்பல்கள் மிதக்கும் பனிப்பாளங்களை உடைத்துத் தள்ள, மூன்றாவது கப்பல் கடலடியில் 400 மீட்டருக்கும் மேல் துளையிட்டது. ஏறத்தாழ 5.6 கோடி ஆண்டுகளுக்கு முந்திய அடுக்கில், ஆர்க்டிக் கடலின் மேற்பரப்பு வெப்பம் 18 பாகை செல்சியசிலிருந்து 23 பாகைக்கும் மேல் உயர்ந்த தடயம் கிடைத்தது. ஏறத்தாழ 4.9 கோடி ஆண்டுகளுக்கு முந்திய அடுக்கில் அசோலா என்னும் நன்னீர்ப் பெரணி நிறைந்திருந்தது. நெல்வயல்களில் தழையுரமாக இடுகிறார்களே, அதே பேரினம்!

"பார்த்தீர்களா, வட துருவமே வெந்நீராய் இருந்திருக்கிறது, மனிதனா சூடாக்கினான்?" என்று இங்கே மாமா துள்ளி எழுவார். அவர் கேட்க மறந்தது ஒன்றே ஒன்று: எவ்வளவு வேகத்தில்? அந்தப் பழைய வெப்ப ஏற்றத்தின்போது காற்றிலும் கடலிலும் கரியமிலம் சேர்வதற்குச் சில ஆயிரம் ஆண்டுகள் ஆயின. இன்று நாம் ஆண்டுதோறும் வெளிவிடும் அளவு, அப்போதைய ஆண்டு அளவைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு என 2016இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்த வெப்பம் தணிந்து பூமி பழைய நிலைக்குத் திரும்ப ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. ஆகவே, "முன்பும் மாறியது" என்பது ஆறுதல் தரும் செய்தியன்று, எச்சரிக்கை.

இனி நம் வாசலுக்கு வருவோம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், துருவப் பனி பெருகியிருந்த காலத்தில், கடல்மட்டம் இன்றையதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாயாத் தீபகற்பம், சுமத்திரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலப்பரப்பு. சுண்டா என அழைக்கப்படும் அந்த நிலத்தின் ஒரு பெரிய பகுதி இன்று தென்சீனக் கடலின் அடியில் கிடக்கிறது. அங்கே எடுத்த படிவுகளை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட முடிவு வியப்பளிப்பது: ஏறத்தாழ 14,600 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி வெறும் 300 ஆண்டுகளில் கடல் 16 மீட்டர் உயர்ந்தது. ஆண்டுக்கு 5 சென்டிமீட்டருக்கும் மேல்!

அந்த நீர் எங்கிருந்து வந்தது? அண்டார்டிகாவிலிருந்து உடைந்த பனிப்பாறைகள் கூட்டமாக மிதந்து செல்லும் வழி ஸ்கோஷியா கடலில் இருக்கிறது. அங்கே எடுத்த தண்டுகளில், அதே காலத்துக்குரிய அடுக்கில் பனிப்பாறைகள் கொட்டிய கற்கள் திடீரென மிகுந்திருப்பதை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. வட அமெரிக்கப் பனியின் பங்கு எவ்வளவு, அண்டார்டிகாவின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் தொடர்கிறது. ஆனால் தென் துருவத்துச் சேறும் நம் கடலின் சேறும் ஒரே நிகழ்ச்சிக்குச் சாட்சி சொல்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள்.

தமிழர்களாகிய நமக்குக் கடல்கோள் புதிய சொல்லன்று. கடல் கொண்ட நிலத்தைப் பற்றி மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோம். உண்மையில் கடல் கொண்ட ஒரு பெருநிலம் நம் காலடியில் இருக்கிறது. அதன் வரலாறு ஆண்டுக் கணக்கோடு கிடைக்கிறது. பழம்பெருமைக்குச் செலவிடும் ஆர்வத்தில் பாதியையாவது இந்தச் சான்றுகளுக்கும் செலவிடலாகாதா?

காரணம் இருக்கிறது. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. கடலோரப் பாதுகாப்புக்கு நீண்ட காலத்தில் 100 பில்லியன் வெள்ளி தேவைப்படலாம் என்று 2019இல் அன்றைய பிரதமர் கூறினார். வெளியேற்றம் மிக அதிகமாகத் தொடர்ந்தால் கடல்மட்டம் 2100க்குள் 1.15 மீட்டர் வரை உயரலாம் என 2024இல் வெளியான மூன்றாம் தேசியப் பருவநிலை ஆய்வு கணிக்கிறது. பனியூழி முடிவில் இருந்த அளவு பனி இன்று இல்லை. 16 மீட்டர் அப்படியே திரும்பும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அண்டார்டிகாப் பனி எவ்வளவு வேகமாகச் சரியும் என்பதே இத்தகைய கணிப்புகளில் மிகப் பெரிய ஐயம். நமக்கு அளவுகருவிகள் கிடைத்து நூறு, இருநூறு ஆண்டுகளே ஆகின்றன. பெரிய பனிப்படலம் சரிந்த அனுபவம் சேற்றுக்குத்தான் உண்டு.

இந்நிலையில் ஒரு வருத்தமான செய்தி. 1985 முதல் உலகக் கடல்களின் அடியைத் துளையிட்டு வந்த அமெரிக்காவின் 'ஜாய்டஸ் ரெசல்யூஷன்' ஆய்வுக்கப்பல் 2024இல் தன் பணியை முடித்துக்கொண்டது. ஐரோப்பாவும் ஜப்பானும் புதிய கூட்டுத்திட்டம் தொடங்கியுள்ளன. சீனா 2024 நவம்பரில் 'மெங் சியாங்' என்ற கப்பலைப் பணியில் இறக்கியுள்ளது. நம் நாடுகளும் வெறும் பார்வையாளர்களாக இருக்கத் தேவையில்லை. அண்டார்டிகா சில நாடுகளின் தனிச்சொத்தாக இருக்கலாகாது என்று 1982இல் ஐக்கிய நாடுகள் சபையில் குரல் எழுப்பிய நாடு மலேசியா. 2011இல் அண்டார்டிக் உடன்படிக்கையில் சேர்ந்தது. சிங்கப்பூர் 2013 முதல் ஆர்க்டிக் மன்றத்தில் பார்வையாளர் தகுதி பெற்றுள்ளது. இந்தத் தகுதிகள் மாநாட்டு நாற்காலிகளோடு நின்றுவிடக் கூடாது. கடலோரச் சுவருக்கு ஒதுக்கும் பணத்தில் மிகச் சிறு பங்கைத் துருவக் கடலாய்வுக்கும் ஒதுக்குவது விவேகம். எவ்வளவு நீர் வரும் என்று தெரியாமல் சுவரின் உயரத்தை எப்படி முடிவு செய்வது?

மாணவ நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மருத்துவம், சட்டம், கணினி என்று மூன்று வாசல்களே நம் வீடுகளில் திறந்திருக்கின்றன. நான்காவதாகப் புவி அறிவியலும் இருக்கிறது. கப்பல் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. உலகக் கடல்களில் எடுத்த தண்டுகள் ஜெர்மனியின் பிரேமன், ஜப்பானின் கோச்சி போன்ற இடங்களில் குளிரூட்டிக் காக்கப்படுகின்றன. முறையாக விண்ணப்பிக்கும் ஆய்வாளருக்கு மாதிரி கிடைக்கும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் புவிக் கண்காணிப்பகத்தைச் சேர்ந்தவர்கள், மரினா சவுத்தில் எடுத்த படிவிலிருந்தே சிங்கப்பூரின் ஏறத்தாழ 10,000 ஆண்டுக் கடல்மட்ட வரலாற்றை எழுதியிருக்கிறார்கள்.

அவ்வாறு கற்றவற்றைத் தமிழிலும் எழுதுங்கள். மாமாவின் கேள்வி தமிழில் வருகிறது. விடையும் தமிழில் கிடைத்தால்தான் அவர் அடுத்த விருந்தில் வேறொரு கேள்வி கேட்பார்.