உழைக்கும் பெண்களின் பாதங்கள்

தறிக்கு நாடாவையும் நிலத்துக்குக் கலப்பையையும் ஆராய்ந்து வாங்கும் நாம், உடனுழைக்கும் பெண்மக்களின் பாதங்களைப் பற்றி எண்ணுவதில்லை. தறிக்குழியில் மிதியை வெறுங்காலால் மிதிப்பதே வசதி, அதில் குற்றமில்லை. ஆனால் சாயப்பட்டறைக்கும் வயலுக்கும் வெறுங்காலோடோ, வீட்டில் அணியும் மெல்லிய ரப்பர்ச் செருப்போடோ அவர்கள் போய்வருவது முறையாகுமா?

1842-ம் ஆண்டில் கில் என்னும் மருத்துவர், மதுரையில் தாம் கண்ட ஒரு கால்நோயை விவரித்தார். முள் தைத்த புண்வழியே மண்ணிலுள்ள கிருமி புகுந்து, பாதம் வீங்கித் துளை துளையாய்ச் சீழ் வடியும் அந்நோய்க்கு 'மதுரைக் கால்' என்றே மருத்துவ நூல்களில் பெயர் நிலைத்துவிட்டது. 2016-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அதனைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் வரிசையில் சேர்த்தது. நமது ஊர்ப்பெயர் தாங்கிய நோய்க்கு நல்ல செருப்பே முதற்காப்பு. கொக்கிப்புழுவும் பாதத்தின் தோலைத் துளைத்தே உடலேறி இரத்தத்தை உறிஞ்சுகிறது. சோகையால் வாடும் பெண்களுக்கு இது இரட்டை நஷ்டம்.

ஒரே செருப்பு எல்லாப் பருவத்துக்கும் உதவாது. சித்திரை, வைகாசி வெயிலுக்குத் தடித்த அடியும் குதிகால் வாரும் உள்ள தோற்செருப்பு நன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் ஊறிக் கெடும். அடியில் ஆழ்ந்த வரிகளுள்ள ரப்பர்ச் செருப்பே வரப்பில் பிடிப்பளிக்கும். புல் மண்டிய இடத்திலும் இருட்டிலும் நடக்கக் கணுக்காலை மூடும் பூட்ஸ் வேண்டும். பாம்பு கடிப்பது பெரும்பாலும் காலிலேதான். சாயப்பட்டறையிலும், பூச்சிமருந்து தெளிக்கும்போதும் முழங்காலளவு ரப்பர் பூட்ஸ் அணிந்து, உடையின் விளிம்பை அதன் வெளியே தொங்கவிட வேண்டும். உள்ளே செருகினால் மருந்துநீர் வழிந்து காலைப் புண்ணாக்கும். தோல் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளுமாதலால் அங்கே தோற்செருப்பு ஆகாது.

நாற்று நடும் சேற்றில் பூட்ஸ் புதையுமே என்பர். உண்மைதான், அங்கே வெறுங்காலே தகும். ஆயினும் கரையேறியதும் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வெடிப்புக்கு மருந்திட்டுச் செருப்பணிந்து வீடு திரும்பலாமன்றோ?

"வாங்கிக் கொடுத்தாலும் பெண்கள் அணிவதில்லை" என்று குறை கூறுவோர் உண்டு. வேலைக்குரிய பூட்ஸ்கள் பெரும்பாலும் ஆண்களின் அளவிலேயே கிடைக்கின்றன. குதிகால் நழுவி நடையைத் தடுக்கும் பூட்ஸை யார்தான் விரும்புவர்? குறை பெண்களிடம் இல்லை, அளவிலேதான் இருக்கிறது.

ஆகவே நமது யோசனை இது: பெண் அங்கத்தினர் ஒவ்வொருவரும், பாதம் சற்றே பருத்திருக்கும் மாலை வேளையில், காகிதத்தில் பாத அளவை வரைந்து கொடுக்கட்டும். சங்கம் அவ்வளவுகளின்படி மொத்தமாக வாங்கி, எளிய தவணையில் வழங்கட்டும். நூலையும் உரத்தையும் கூடி வாங்கப் பழகிய நமக்கு இது அரிய காரியமன்று. அடுத்த மகாசபையில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகிறோம். அதனைப் பிரேரேபிப்பவர் ஒரு பெண் அங்கத்தினராகவே இருக்கட்டும்.