தவறவிடப்படுவது பேருந்து, மனிதர் அல்லர்

அண்மைக்கால மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் “நான் உன்னைத் தவறவிடுகிறேன்” என்றொரு வாக்கியம் தலைகாட்டுகிறது. பிரிந்தவரை எண்ணி ஏங்குபவரின் கூற்றாம் அது. தமிழில் தவறவிடப்படுவது பேருந்து, மனிதர் அல்லர்.

ஆங்கிலத்தின் ‘மிஸ்’ என்னும் வினை பல பொருளைச் சுமப்பது. பேருந்து தவறுவதும், குறி தப்புவதும், அச்சில் வரி விடுபடுவதும், அருகில் இல்லாதவரை மனம் தேடுவதும் அதற்கு ஒன்றே. இத்தாலிய மொழியில் அவ்வாறில்லை. ரயிலைத் தவறவிட ‘பெர்தெரே’, வகுப்புக்குப் போகாதிருக்க ‘சல்தாரே’, குறி தப்ப ‘மன்காரே’. ஏக்கத்துக்கும் மன்காரேதான், ஆனால் வாக்கியமே திரும்பிக்கொள்கிறது. ‘மி மன்கி’ என்றால் ‘எனக்கு நீ இல்லாமலிருக்கிறாய்’ என்பது போல. எழுவாய் ஏங்குபவர் அல்லர், இல்லாதவர். இதை அம்மொழியின் வறுமை என்று எவரும் சொல்வதில்லை.

தமிழிலோ ஒற்றைச் சொல் இல்லாததே குறையாகப் பேசப்படுகிறது. பிரிவுக்கெனப் பாலை என்றொரு திணையே வகுத்த மொழியில் இப்பேச்சு வியப்பளிக்கிறது. தாய் வெளியூர் போனால் “பிள்ளை அம்மாவைத் தேடுது” என்கிறோம். நெடுநாள் காணாதவரைக் “கண்ணு தேடுது” என்கிறோம். 2011 டிசம்பர் 30 அன்று கரைகடந்த தானே புயல், பண்ருட்டி வட்டாரத்தின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. மரமிழந்த தோப்பைச் சொல்ல “வெறிச்சோடிக் கிடக்கிறது” என்பது போதும். அவ்வாக்கியத்தில் ‘நான்’ இல்லை, துக்கம் இருக்கிறது. அதையே “விவசாயி தம் மரங்களைத் தவறவிட்டார்” என்றெழுதினால், புயலின் அழிவு விவசாயியின் கவனக்குறைவாகிவிடும்.

‘மொழி வளர வேண்டாமா?’ என்பர். “மிஸ் பண்றேன்” என இளைஞர் பேசுவதை நாங்கள் ஆட்சேபிக்கவில்லை. கதைமாந்தரின் உரையாடலில் அது அப்படியே நிற்கலாம்; இரவல் சொல் என்பது வாசகருக்குத் தெரியும். ‘தவறவிடுகிறேன்’ அத்தகையதன்று. தமிழ் உடுத்தி வந்து, ஏங்குபவரைக் குற்றவாளியாக்கிவிட்டுப் போகிறது.

‘இச்சொல்லுக்குத் தமிழில் என்ன?’ என்பது அகராதியிடம் கேட்கும் கேள்வி. ‘இந்நிலையில் நம்மவர் என்ன சொல்வார்?’ என்பதே மொழிபெயர்ப்பாளர் தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது. அக்கேள்வியைக் கேளாத பிரதியைத் திருப்பி அனுப்பும் துணிவு பதிப்பாசிரியர்களுக்கு வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.